குண்டூரில் ஹீலியம் கண்டுபிடிக்கப்படவில்லை

ஆகஸ்ட் மாதம் பாதி கடந்ததும் ஒரு வாக்கியம் தவறாமல் உலாவரத் தொடங்கிவிடுகிறது. ‘1868ஆம் ஆண்டு ஆகஸ்ட் 18 அன்று, முழுச் சூரிய கிரகணத்தின்போது, ஆந்திரத்தின் குண்டூரில் ஹீலியம் என்னும் தனிமம் கண்டுபிடிக்கப்பட்டது.’ துணுக்குப் பக்கங்களில் வருகிறது, போட்டித்தேர்வுக் கையேடுகளில் வருகிறது, மேடைகளில் வருகிறது. இந்த வாக்கியத்தில் நாள் சரி, ஊர் சரி, கிரகணமும் சரி. பயனிலைதான் தவறு.

தமிழ் கற்பிக்கிறவர்களுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். வேலை இருக்கிறது. நம் வகுப்பு மாணவி ஒருவர் கட்டுரைப் போட்டிக்காக எழுதி வந்திருந்த தாளில் இந்த வாக்கியம் இருந்தது. அவர் இன்னும் ஒரு படி மேலே போய், குண்டூர் அன்று சென்னை மாகாணத்தில் இருந்தது என்ற தகவலைப் பிடித்துக்கொண்டு, ‘நம் மண்ணில் பிறந்த தனிமம்’ என்று எழுதியிருந்தார். சிவப்பு மையால் அடிக்கோடிட்டோம். ‘புத்தகத்திலேயே இருக்கிறதே ஐயா’ என்றார். இருந்தது. அதைவிடக் கொடுமை, சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இலக்கிய மன்ற விழாவில் இதே வாக்கியத்தை நாமே சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறோம். சரிபார்க்கவில்லை. சரிபார்க்கத் தோன்றவுமில்லை. கேட்பதற்கு அவ்வளவு இனிமையாக இருந்தது. ஆகவே இந்தக் கட்டுரை பிறரைச் சாடுவதற்கு முன் நம்மைச் சாடிக்கொண்டு தொடங்குகிறது.

*

முதலில் நடந்ததைப் பார்ப்போம்.

1868 ஆகஸ்ட் 18 அன்று நிகழ்ந்தது எளிய கிரகணமன்று. நிலவு பூமிக்கு மிக நெருங்கியிருந்த நேரம் அது. ஆகவே அதன் தோற்ற வட்டம் சூரிய வட்டத்தைவிட ஏழு விழுக்காட்டுக்கு மேல் பெரிதாயிருந்தது. அதனால் முழுமறைப்பு நீண்டது. பாதையில் மிக அதிகமாக நீண்ட இடத்தில் 6 நிமிடம் 47 விநாடி. எவ்வளவு சாதகமான அமைப்பிலும் முழுமறைப்பு ஏழரை நிமிடத்தை ஒட்டித்தான் முடியும் என்பதை நினைவிற்கொண்டால் இது எத்தகைய வாய்ப்பு என்பது விளங்கும். நிழல் ஏடன் பக்கத்திலிருந்து அரபிக்கடலைக் கடந்தது. இந்தியத் தீபகற்பத்தை மேற்குக் கரை முதல் கிழக்குக் கரை வரை குறுக்காகக் கிழித்துக்கொண்டு, பிஜப்பூர், குண்டூர், மசூலிப்பட்டினம் வழியாக வங்கக்கடலில் இறங்கியது. பின் சயாம், மலாய்த் தீபகற்பம், போர்னியோ எனக் கிழக்கே போயிற்று. சென்னை நகரம் அந்தப் பாதைக்குத் தெற்கே விலகியிருந்தது. அங்கே தெரிந்தது பகுதிக் கிரகணந்தான்.

கிரகணங்கள் குடும்பங்களாக வருபவை. ஏறத்தாழ 18 ஆண்டு 11 நாள் இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக வரும் தொடருக்குச் சாரோஸ் என்று பெயர். 1868இன் கிரகணம் 133ஆம் சாரோசைச் சேர்ந்தது. 1922 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் வாலல் கடற்கரையில் ஐன்ஸ்டீனின் ஒளிவளைவைச் சோதிக்க உதவிய கிரகணம் இதே குடும்பத்தின் பின்வந்தவர்களில் ஒன்று. 2012 நவம்பரில் வந்ததும் இதன் வழித்தோன்றலே. அடுத்தது 2030 நவம்பர் 25இல், தென் ஆப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும்.

அறிவியல் உலகம் 1868க்காகக் காத்திருந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. முழுமறைப்பின்போது நிலவின் கரிய விளிம்பைச் சுற்றிச் செந்நிறச் சுடர்க்கொழுந்துகள் தெரியும். இவை நிலவைச் சேர்ந்தவையா, சூரியனைச் சேர்ந்தவையா என்பதே நெடுங்காலம் வழக்காயிருந்தது. 1860இல் ஸ்பெயினில் தெரிந்த கிரகணத்தின்போது எடுத்த ஒளிப்படங்கள் அவை சூரியனுடையவை என்று தீர்ப்பளித்தன. ஆனால் அவை என்ன பொருள்? அதே காலத்தில்தான் ஜெர்மனியில் கிர்க்காஃபும் புன்சனும் நிறமாலையின் கோடுகளைக் கொண்டு பொருள்களை அடையாளம் காணும் முறையை நிறுவியிருந்தார்கள். ஒவ்வொரு தனிமமும் ஒளிரும்போது தனக்கே உரிய கோடுகளைக் காட்டும். கோடுகளைப் படித்தால் பொருளின் பெயர் தெரியும். ஆக, கையில் நிறமாலைமானி இருந்தது. படிக்கவேண்டிய எழுத்து சூரியனின் விளிம்பில் இருந்தது. ஐந்து நிமிடத்திற்கு மேல் படிக்க நேரமும் கிடைத்தது. ஐரோப்பா மூட்டைகட்டிக்கொண்டு கிளம்பியதில் வியப்பென்ன?

குண்டூரில் பிரெஞ்சு வானியலாளர் ஜூல்ஸ் ஜான்சென் இருந்தார். அதே ஊரில் மேஜர் டெனன்ட் தலைமையில் ஆங்கிலேயக் குழுவும் இருந்தது. ஜம்கண்டியில் லெப்டினன்ட் ஜான் ஹெர்ஷல், புகழ்பெற்ற வானியலாளர் குடும்பத்தின் மூன்றாம் தலைமுறை. மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வகத்தின் தலைவர் நார்மன் பாக்சன். மலாய்த் தீபகற்பத்தில் ஜார்ஜ் ரயே இடம்பெற்ற பிரெஞ்சுக் குழு. நிஜாமின் ஆட்சிப் பகுதியிலிருந்த வனபர்த்தியில் சென்னை வானாய்வகத்தின் உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. இந்தக் கடைசிப் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். மேற்படி ‘நம் மண்’ வாக்கியத்தில் அந்தப் பெயர் ஒருபோதும் இடம்பெறுவதில்லை.

*

முழுமறைப்பு தொடங்கிற்று. நிறமாலைமானியில் கண் வைத்தவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒன்றையே கண்டார்கள். தொடர்ச்சியான வண்ணப் பட்டைக்குப் பதிலாகத் தனித்தனியான ஒளிக்கோடுகள். அப்படியானால் சுடர்க்கொழுந்து என்பது ஒளிரும் வாயு. சிவப்பிலும் நீலத்திலும் இருந்த முதன்மைக் கோடுகள் ஹைட்ரஜனின் கோடுகளோடு பொருந்தின. இதுதான் அன்றைய பெருஞ்செய்தி. அந்தச் செய்திக்குள் மஞ்சள் நிறத்தில் இன்னொரு கோடும் இருந்தது.

அந்த மஞ்சள் கோட்டை என்ன செய்தார்கள்? ஹெர்ஷல் அளந்து, அது சோடியத்தின் ‘டி’ கோடு என்று எழுதினார். டெனன்ட் ‘டி’ என்றே பட்டியலிட்டார். ரயே தாம் கண்ட ஒன்பது கோடுகளில் ஒன்றை ‘டி’ என்றே குறித்தார். பாக்சன் மட்டும், அது சோடியத்தின் இடத்தோடு திட்டமாகப் பொருந்துகிறதா என்ற ஐயத்துக்கு இடம்வைத்து எழுதினார். ஜான்சென் பாரிசுக்கு அனுப்பிய கடிதத்திலோ புதிய தனிமம் என்ற பேச்சே இல்லை.

இவர்களைக் குறைசொல்ல முடியாது. சோடியத்தின் இரட்டைக் கோடுகள் 589.0, 589.6 நானோமீட்டரில் உள்ளன. அன்று அவர்கள் கண்டது 587.6இல் இருந்தது. இடைவெளி ஒன்றரை நானோமீட்டர்கூட இல்லை. நிமிடக் கணக்கில் கரைந்துகொண்டிருக்கும் இருளில், கொண்டுவந்த கருவியோடு, மஞ்சளில் ஒரு கோட்டைக் கண்டவர் நன்கறிந்த சோடியத்தின் பெயரைச் சொல்வது இயல்பு. அறிந்த பெயரை அறியாத பொருளுக்குச் சூட்டிவிட்டார்கள். ஏட்டுச்சுவடியில் தேய்ந்த எழுத்தைப் பழகிய சொல்லாகப் படித்துவிடும் பதிப்பாசிரியரின் பிழை இது. நம் துறையில் இந்தப் பிழைக்கு நெடிய வரலாறே உண்டு.

ஆக, குண்டூரில் உண்மையாகவே நடந்தது என்ன? நடந்தது, அதுவும் பெரிய செயல். அந்தக் கோடுகளின் பேரொளியைக் கண்ட ஜான்செனுக்கு, இவற்றைக் காணக் கிரகணமே வேண்டாமே என்று தோன்றியது. நாம் பகலில் சுடர்க்கொழுந்துகளைக் காணாததற்குக் காரணம் அவை மங்கியிருப்பதன்று. வானத்தில் சிதறிய சூரிய ஒளி அவற்றை மூழ்கடித்துவிடுகிறது. நிறமாலைமானி அந்தச் சிதறிய ஒளியை நீண்ட பட்டையாக விரித்து நீர்க்கச் செய்யும். ஆனால் சுடர்க்கொழுந்தின் ஒளி ஒருசில கோடுகளிலேயே குவிந்திருப்பதால் நீர்த்துப்போகாது. வெள்ளம் வடிந்தால் பாறை தெரிவதுபோல் கோடு தெரியும். அன்று மேகம் இடம்கொடுக்கவில்லை. மறுநாள், ஆகஸ்ட் 19 காலையில், கிரகணமற்ற சூரியனின் விளிம்பில் கருவியை வைத்தார். கோடுகள் இருந்தன. தொடர்ந்து 17 நாள் பார்த்தார். ஐந்து நிமிடக் காட்சி அன்றாடக் காட்சியாயிற்று. கிரகணத்தின் அடிமைத்தளையிலிருந்து சூரிய ஆய்வு விடுபட்ட இடம் குண்டூர். கொண்டாடுவதற்கு இது போதாதா?

போதவில்லை நமக்கு. ஒரு முறையைக் கொண்டாடுவது கடினம். அதை விளங்கிக்கொள்ள வேண்டும். ஒரு பொருளைக் கொண்டாடுவது எளிது. பலூனில் அடைக்கலாம்.

*

இனி ஹீலியத்தின் கதை. ஜான்செனின் கடிதம் செப்டம்பர் 19 தேதியிட்டுக் காக்கிநாடாவிலிருந்து புறப்பட்டது. அது கடலில் போய்க்கொண்டிருக்கையில், லண்டனில் போர்த்துறை அலுவலகத்து எழுத்தர் ஒருவர், வானியலைப் பொழுதுபோக்காகக் கொண்டவர், அக்டோபர் 20 அன்று தம் வீட்டிலிருந்தே அதே முறையைத் தனியாகக் கண்டடைந்தார். அவர் நார்மன் லாக்கியர். கிரகணமில்லாமலே சுடர்க்கொழுந்துகளைக் காணலாம் என்ற எண்ணம் அவருக்கு 1866 முதலே இருந்தது. கருவி வந்துசேரத் தாமதமாயிற்று. இரு செய்திகளும் பிரெஞ்சு அறிவியல் அகாடமியின் அக்டோபர் 26 கூட்டத்தில் ஒன்றாகப் படிக்கப்பட்டன. யார் முதல் என்று அடித்துக்கொள்ளாமல் இருவர் உருவமும் பொறித்த பதக்கம் ஒன்றைப் பிரெஞ்சு அரசு 1872இல் வெளியிட்டது.

மஞ்சள் கோடு சோடியத்தின் இடத்தில் இல்லை என்பதை அளந்து நிலைநாட்டியவர் லாக்கியர். அவசரப்படுத்தும் நிழல் இல்லை. நாளுக்கு நாள் பார்க்கலாம். டி-1, டி-2 என்னும் சோடியக் கோடுகளுக்கு அடுத்ததாக இதற்கு டி-3 என்று பெயர் வந்தது. வேதியியலாளர் ஃபிராங்க்லண்டோடு சேர்ந்து ஆய்வுக்கூடத்தில் ஹைட்ரஜனை வெவ்வேறு நிலைகளுக்கு உட்படுத்தி இந்தக் கோடு வருகிறதா என்று பார்த்தார். வரவில்லை. சூரியனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்த ஹீலியம் என்ற பெயரை, 1871இல் பிரித்தானிய அறிவியல் சங்கத்தின் தலைமையுரையில் வில்லியம் தாம்சன் பொதுவில் சொன்னார். பலர் நம்பவில்லை. பூமியில் இல்லாத பொருளை ஒற்றைக் கோட்டை வைத்து எப்படி நம்புவது? 1895இல் வில்லியம் ராம்சே கிளீவைட் என்னும் யுரேனியத் தாதுவை அமிலத்தில் இட்டபோது வெளிப்பட்ட வாயுவில் அதே மஞ்சள் கோடு தெரிந்தது. குரூக்ஸ் அளந்து உறுதிசெய்தார். அன்றுதான் ஹீலியம் கைக்கு வந்தது.

1868இலிருந்து 1895 வரை 27 ஆண்டுகள். இதை ஒரே நாளாக, ஒரே ஊராக, ஒரே மனிதராகச் சுருக்கி ஒரு துணுக்கில் மடக்கிவிட்டோம். அந்தக் கோடு சோடியமன்று என்ற முடிவு எட்டப்பட்டது கிரகணமே இல்லாத ஒரு லண்டன் அக்டோபரில் என்னும் முரண்நகையைக்கூட இழந்துவிட்டோம்.

நம் மொழி இதில் நமக்கு முன்பே எச்சரிக்கை தந்திருக்கிறது. ‘கண்டுபிடித்தல்’ என்பது இரண்டு வினைகளின் கூட்டு. முதலில் காணவேண்டும், பிறகு பிடிக்கவேண்டும். வழக்கில் தேய்ந்துபோய் ஒற்றைச் சொல்லாக ஒலித்தாலும், அந்த ‘கண்டு’ ஓர் எச்சந்தான். அடுத்த வினையின்றி முற்றுப்பெறாது. குண்டூரில், ஜம்கண்டியில், மசூலிப்பட்டினத்தில், மலாய்க் கரையில் கண்டார்கள். பிடிக்கவில்லை. எச்சத்தை முற்றாக வாசிப்பதுதான் இந்த வாக்கியத்தின் பிழை. முதலாண்டு மாணவருக்கு நாம் சொல்லித்தரும் இலக்கணம் இது.

*

மறுப்புகள் வரும். எதிர்பார்த்தே எழுதுகிறோம்.

‘முதலில் பார்த்த இடம் என்பதாவது பெருமையல்லவா?’ என்பார்கள். எந்த இடம்? மஞ்சள் கோட்டைப் பார்த்த இடங்கள் பல. ஐயத்தோடு பார்த்தவருக்கே பெருமை என்றால் அந்தப் பெருமை பாக்சனுக்கும் மசூலிப்பட்டினத்துக்கும் போகவேண்டும். அவரது அறிக்கையோ சென்னை அரசாங்கத்தின் வெளியீடாக அச்சாகி, ஐரோப்பிய அறிவியலாளர்களிடம் பெரிதாகச் சென்றுசேராமலே நின்றுவிட்டது. குண்டூரை ஏன் தேர்ந்தோம்? புகழ்பெற்ற பெயர் அங்கே இருந்தது; அவ்வளவே.

‘சிறு மிகைதானே, மாணவர்க்கு ஊக்கம் தருமே?’ என்பது இரண்டாவது மறுப்பு. இதுதான் நம்மை உண்மையில் கலங்க வைப்பது. இந்த ஊக்கம் எதற்கு ஊக்கம்? ‘நம் மண்’ என்று சொல்லிக்கொள்வதற்கா, சூரியனைப் பார்ப்பதற்கா? மேற்படி மாணவிக்கு ஹீலியம் ‘கண்டுபிடிக்கப்பட்ட’ ஊர் தெரியும். அந்தக் கோடு ஏன் சோடியமன்று என்பது தெரியாது. தெரிந்துகொள்ளவேண்டிய தேவையை அந்த வாக்கியமே அடைத்துவிட்டது. பெருமை நிறைந்த இடத்தில் கேள்விக்கு இடமில்லை.

பெருமைக்காகத் தகவலைத் தேர்ந்தெடுக்கும் பழக்கத்துக்கு இன்னொரு சான்று தருகிறோம். பிரெஞ்சு வானியலாளர் லெ ஜான்டில் புதுச்சேரியில் தங்கியிருந்தபோது தமிழ்நாட்டுக் கணிதர்களின் கிரகணக் கணக்கைக் கற்றார். 1765 ஆகஸ்ட் 30இன் சந்திர கிரகணத்திற்கு அந்த முறையில் கணித்த கால அளவு 41 விநாடி குறைந்தது. ஐரோப்பாவின் மேயர் அட்டவணையோ 68 விநாடி கூடுதலாகக் காட்டியது. இந்த 41 விநாடியை இணையம் முழுதும் காணலாம். 1825இல் ஜான் வாரன் ‘காலசங்கலிதம்’ என்னும் நூலில் பதிந்தது இன்னொரு செய்தி. புதுச்சேரிப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், எழுதுகோல் தொடாமல், தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களைக் கொண்டே, அவ்வாண்டு மே 31, ஜூன் 1 இரவின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்கத்தில் பிழை 4 நிமிடம். நடுவில் 23 நிமிடம். முடிவில் 52 நிமிடம். இந்த 52 நிமிடத்தை எங்கும் காணமுடியாது. நமக்கோ இந்த இரண்டாவது செய்திதான் மேலானதாகப் படுகிறது. நூற்றாண்டுகளுக்கு முன் ஆக்கிய வாக்கியங்களை ஒரு மனிதர் நெஞ்சில் சுமந்து, சோழிகளை நகர்த்தி, நிழல் எப்போது நிலவைத் தொடும் என்பதை நான்கே நிமிடப் பிழையில் சொல்லிவிட்டார். எப்போது விலகும் என்பதில் ஒரு மணிக்கு நெருக்கமாகச் சறுக்கினார். இரண்டும் சேர்ந்ததுதான் அந்த மரபின் முகம். பாதி முகத்தை மறைத்துவிட்டு மாலை போடுகிறோம்.

முதன்மை வெறி நமக்கு மட்டும் உரியதன்று என்பதையும் சொல்லிவிடவேண்டும். சென்னை நுங்கம்பாக்கத்தில், இன்றைய வானிலை ஆய்வு மைய வளாகத்தில், 1792இன் வானாய்வகத்துக் கருங்கல் தூண் நிற்கிறது. ஆசியாவில் கணித அறிவியல்கள் பிரித்தானியரின் பெருந்தன்மையால் முதன்முதலாக ஊன்றப்பட்ட காலத்தை ஆயிரம் ஆண்டு கழித்து வருவோரும் அறியட்டும் என்பது அதற்காக எழுதிய வாசகத்தின் கருத்து. தமிழ் உள்ளிட்ட மொழிகளில் அந்தச் செய்தியைப் பொறித்தார்கள். சோழிகளோடு கிரகணம் கணித்த மக்களின் மொழியிலேயே, உங்களுக்குக் கணிதம் நாங்கள் கொண்டுவந்தது என்று பொறித்த துணிவை என்னென்பது! அந்தப் பொய்க்கு மறுமொழி நம் பங்குக்கு இன்னொரு பொய்யைப் பொறிப்பதன்று. ‘முதல்’ என்ற சொல்லையே ஐயத்தோடு பார்ப்பதுதான்.

*

இப்போது ரகுநாதாச்சாரிக்கு வருவோம். பஞ்சாங்கக் கணிதர் மரபில் வந்து, சென்னை வானாய்வகத்தில் முதல் உதவியாளராக உயர்ந்தவர். 1867இல் ஆர் ரெட்டிக்குலி என்ற ஒளிமாறு விண்மீனைக் கண்டறிந்தார். கண்டார், பிடித்தார் என்று இவரைப் பற்றி அச்சமின்றிச் சொல்லலாம். 1868இல் வனபர்த்தியில் கிரகண நோக்கை நடத்தினார். 1872இல் லண்டன் அரச வானியல் கழகத்தின் உறுப்பினரானார். 1874இல் வெள்ளி சூரியனைக் கடந்த நிகழ்வையொட்டி, மரபுக் கணிதர்களுக்கும் பொதுமக்களுக்கும் புரியும்படி உரையாடல் வடிவில் ஒரு சிறுநூல் எழுதினார். அது ஆங்கிலத்திலும் இந்திய மொழிகளிலும் வந்தது. பழைய வாக்கியக் கணிதத்தை வான்நோக்கோடு ஒப்பிட்டுத் திருத்தவேண்டும் என்று வாதாடி, திருத்திய கணிதத்தில் பஞ்சாங்கமும் வெளியிட்டார். 1880இல் மறைந்தார்.

அவர் தொடுத்த வழக்கு இன்னும் முடியவில்லை. 2023இல் சனிப்பெயர்ச்சி ஜனவரியில் என்றது திருக்கணிதம். டிசம்பரில் என்றது வாக்கியம். கோள் ஒன்றுதான், வானம் ஒன்றுதான். இரு தேதிகளிலும் பரிகாரம் செய்துவிட்டு வந்தோம். கணித்ததை வானத்தோடு ஒப்பிடு என்று 150 ஆண்டுகளுக்கு முன் சொன்னவரின் பெயர் நம் பாடநூல் நினைவில் இல்லை. குண்டூர் வாக்கியமோ இருக்கிறது.

மறந்தது அவரை மட்டுமன்று. 1871 டிசம்பர் 12 அன்று இன்னொரு முழுக் கிரகணம் வந்தது. அதன் நிழல் உண்மையாகவே தமிழ்நிலத்தின் மேல் விழுந்தது. நீலகிரி, அவிநாசி, யாழ்ப்பாணம், திருகோணமலை எல்லாம் அதன் பாதை. அவிநாசியில் பாக்சன், தொட்டபெட்டாவில் டெனன்ட், கேரளக் கரையில் பேக்கல் கோட்டையில் லாக்கியர், யாழ்ப்பாணத்தில் அவருடைய குழுவின் ஒரு பிரிவு. உதகைக்கு அருகே சோலூர் என்னும் சிற்றூரில் ஜான்சென். முந்தைய ஆண்டு, முற்றுகையிலிருந்த பாரிசிலிருந்து பலூனில் தப்பி, கிரகணம் காண அல்ஜீரியா சென்று, மேகத்தால் ஏமாந்த அதே மனிதர். சோலூரில் வானம் தெளிந்திருந்தது. சூரியனின் ஒளிமகுடத்து நிறமாலையில், சூரிய ஒளிக்கே உரிய கருங்கோடுகளை அவர் அங்கே கண்டார். ஒளிமகுடத்தின் ஒரு பகுதி, துகள்களில் பட்டுச் சிதறிவரும் சூரிய ஒளியே என்ற அறிவுக்கு வழிதிறந்த நோக்கு அது. உதகைக்குச் சுற்றுலா போய்வரும் எத்தனை பேர் சோலூரை இதற்காக நினைக்கிறார்கள்? நடக்காததைக் கொண்டாடும் அவசரத்தில் நடந்ததைத் தொலைத்தோம் என்பதற்கு இதைவிட வெளிப்படையான சான்று வேண்டியதில்லை.

*

இலக்கிய வாசகர்களிடம் இதைச் சொல்வதற்குத் தனிக் காரணம் உண்டு. இந்தப் பழக்கத்தின் நாற்றங்கால் நம் துறைதான். சங்கப் பாடலில் பாம்பு மதியை விழுங்கும் உவமை கிடைத்தால், ‘கிரகணத்தை அன்றே அறிந்தான் தமிழன்’ என்று கட்டுரை எழுதுகிறோம். கிரகணத்தை எல்லோரும் அறிவார்கள், இருண்டால் தெரியும். அந்த உவமையின் இடம் வேறு. தலைவியின் பசந்த நெற்றியையோ துயரையோ சொல்லவந்த கவிஞர், ஊரார் அனைவரும் அஞ்சி அண்ணாந்து பார்த்த ஒரு காட்சியை எடுத்துக் கையாண்டார். அதை வானியல் சான்றாக்கும்போது வானியலுக்கு எதுவும் கிடைப்பதில்லை. கவிதை மட்டும் அழிகிறது. முதல் நாவல் எது, முதல் சிறுகதை எது என்ற வழக்குகளில் நாம் செலவிட்ட தாள்களில் பாதியை அந்த நாவலையும் சிறுகதையையும் படிப்பதில் செலவிட்டிருக்கலாம். ‘முதல்’ என்று முத்திரை குத்தியபின் யாரும் அவற்றைப் படிப்பதில்லை.

1868இன் அதே நிழலில் நின்ற இன்னொரு மனிதரைச் சொல்லி முடிக்கிறோம். சயாம் மன்னர் மோங்குட் அந்தக் கிரகணத்தைத் தாமே கணித்தார். கணித்ததோடு நிற்காமல், நிழல் விழும் இடமாகத் தம் கணக்குச் சொன்ன வாகோ என்ற கடற்கரைக்கு அரசவையையும் வெளிநாட்டு விருந்தினரையும் அழைத்துச் சென்றார். கணக்கு பொய்த்திருந்தால் எல்லோர் முன்னும் பொய்த்திருக்கும். பொய்க்கவில்லை. அந்தச் சதுப்பில் பற்றிய மலேரியாவால் அக்டோபர் 1 அன்று இறந்தார். தம் சொல்லை வானத்தின் சோதனைக்கு உட்படுத்தப் புறப்பட்டுப் போன பயணம் அது. நாம் ஒரு வாக்கியத்தைச் சரிபார்க்க நூலகம் வரை போவதில்லை.

மாணவி கட்டுரையைத் திருத்தி எழுதினார். ‘1868இல் குண்டூரிலும் வேறு சில ஊர்களிலும் ஒரு மஞ்சள் கோட்டைக் கண்டார்கள், சோடியம் என்று எண்ணினார்கள், அது வேறு என்று அறியச் சில மாதங்களும், என்னவென்று கையில் பிடிக்க 27 ஆண்டுகளும் ஆயின.’ படித்துக் காட்டிவிட்டு, ‘நீளமாகிவிட்டது ஐயா, கைதட்டல் வராது’ என்றார். வராதுதான். பரிசும் வரவில்லை. ஆனால் அடுத்த வாரம் வந்து, சோடியத்தின் கோடு ஏன் இரட்டையாக இருக்கிறது என்று கேட்டார். நமக்கு விடை தெரியவில்லை. இயற்பியல் துறைக்கு அழைத்துப் போனோம்.

மாற்றுக் கருத்துள்ளவர்கள் எழுதலாம். சான்றோடு எழுதினால் திருத்திக்கொள்வோம்.